சுத்தச் சரக்கு

ஏழு வருடப் பொறுமையின் விலை வில்லை ஒன்றுக்கு ஆயிரத்து அறுநூறு என்று அக்கா முடிவு செய்திருந்தாள். பொறுமைக்கெல்லாம் விலை உண்டா என்று கேட்பவர்கள் கடை வைத்திருக்க மாட்டார்கள். கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எதற்கும் விலை உண்டு. அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் விழக்கூடாது, அவ்வளவுதான்.

அக்கா என்பது தம்பி மட்டும் கூப்பிடுகிற பேர் அல்ல. அந்தக் கடைவீதியில் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தேயிலைக் கடை அவளுடையது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் மசாலாக் கடை. அப்பா இருந்தவரை இரண்டும் சேர்ந்து ஒரே மசாலாக் கடை. சொத்துத் தகராறு இல்லாத குடும்பம் என்றால் ஒன்று சொத்து இருக்காது, அல்லது வாரிசு ஒன்றுதான் இருக்கும் என்பார்கள். இவர்கள் அதற்கு விதிவிலக்கு. அப்பா போன மறு மாதமே தச்சரைக் கூப்பிட்டு நடுவில் பலகை அடித்தார்கள், அவருக்கு ஆளுக்குப் பாதிக் கூலி கொடுத்தார்கள், வேலை முடிந்தது.

தேயிலைக்காரிக்குக் கடை முதல் அல்ல, நாக்குதான் முதல். வீதிக்கு வரும் எந்த மூட்டையானாலும் அதன் மாதிரி அக்காவிடம் வரும். ஒரு வாய் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கோப்பையில் துப்பிவிட்டு, "சுத்தம்" என்றால் சுத்தம். "கலப்பு" என்றால் விற்க வந்தவன் மறுபேச்சில்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவள் வருமானத்தில் பாதி அந்த ஒற்றை வார்த்தைக்குக் கிடைக்கும் கூலி.

வில்லைகள் சீனத்திலிருந்து வந்தவை. புளிக்க வைத்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றிய தேயிலை. அங்கே அதற்குப் பூஏர் என்று பேர். வாங்கிய வருடம் குடித்தால் ஈரச் சுவரை நக்கியது போலிருக்கும். வருடக்கணக்கில் சும்மா வைத்தால்தான் அது தேயிலையாகும். ஏழு வில்லை ஒரு கட்டு. அக்கா பன்னிரண்டு கட்டு வாங்கி, கடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் மர அடுக்கில் வைத்து, வருடத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்து ருசி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். பிள்ளைகளை வளர்ப்பவர்கள்கூட அவ்வளவு நாள் தலையிடாமல் இருந்ததில்லை.

ஏழாவது வருடம் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முக்கால் வந்தார்.

கப்பலில் சரக்கு அனுப்பும் வியாபாரி அவர். எதற்கு என்ன விலை சொன்னாலும் அதில் முக்கால் பங்குக்குத்தான் கேட்பார். டாக்டர் பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஏழரைதான் விழுங்குவார் என்று வீதியில் பேச்சு. ஆனால் கொடுத்த வாக்கில் கால் பங்குகூடக் குறைத்தவர் அல்ல.

"ஆயிரத்து அறுநூறா?" என்றார். "தேயிலைக்குச் சொல்றீங்களா, கட்டடத்துக்குச் சொல்றீங்களா?"

"ரெண்டும் நின்ன இடத்துலயே நின்னா விலை ஏறும்," என்றாள் அக்கா.

பின்னறையில் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா புது வில்லை ஒன்றைப் பிரித்து, ஓரத்தில் ஊசியைக் குத்தி, இலை நொறுங்காமல் ஒரு துண்டைப் பெயர்த்தாள். மூடியுள்ள சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, உடனே அந்த நீரைக் கீழே கொட்டினாள். முதல் தண்ணீர் தேயிலைக்கு, மனுஷனுக்கு அல்ல. ஏழு வருடத் தூசும் தூக்கமும் அதில் போகும். இரண்டாவது நீரை விட்டு, பத்து எண்ணி, இரண்டு கோப்பையிலும் ஊற்றினாள். நிறம் காய்ந்த பேரீச்சம்பழம்.

முக்கால் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். ஒரு வாய் குடித்தார். துப்பாமல் விழுங்கிவிட்டு இன்னொரு வாய் குடித்தார்.

"அக்கா, இதுல என்ன கலந்திருக்கீங்க?"

"ஒண்ணும் கலக்கலை."

"நல்லாத்தான் இருக்கு, அதைச் சொல்லலை. கிராம்பு இருக்கு. ஏலக்காய் இருக்கு. அடித்தொண்டையில பட்டை மாதிரி ஏதோ நிக்குது. மசாலா சேர்த்த தேயிலைன்னு சொல்லியிருந்தா சந்தோஷமா வாங்கியிருப்பேன். சுத்தச் சரக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் இடிக்குது."

அக்கா தன் கோப்பையை உறிஞ்சினாள். பழைய மரம் இருந்தது. மழை நின்ற பிறகு வரும் மண் இருந்தது. கடைசியில் ஊறிய உலர்பழத்தின் இனிப்பு. ஏழு வருடமும் எழுதி வைத்த அதே குறிப்புகள். கிராம்பு எங்கேயும் இல்லை.

"என் நாக்குல அதெல்லாம் இல்லையே."

"உங்க நாக்கை நம்பித்தான் இருபது வருஷமா சரக்கு எடுக்கறேன்."

"அப்புறம் என்ன?"

"அதனாலதான் கவலையா இருக்கு," என்றார் முக்கால். கோபமில்லாமல், வைத்தியர் மாதிரி சொன்னார். "வெள்ளிக்கிழமை வரேன். அதுக்குள்ள என்ன போட்டீங்கன்னு ஞாபகம் வந்தா சொல்லுங்க. வரலைன்னா, இந்த மாசத்து மாதிரியை எல்லாம் வேற நாக்குக்குத்தான் அனுப்பணும். கோவிச்சுக்காதீங்க. நான் வாங்கறது உங்க வார்த்தையை. அதுல சந்தேகம் வந்துட்டா மிச்சமெல்லாம் வெறும் சுடுதண்ணி."

அவர் போன பிறகும் அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். முக்கால் வெளியே எதுவும் பேசமாட்டார். ஆனால் அவர் மாதிரியை வேறு இடத்துக்கு அனுப்பினால் அதுவே போதும். சனிக்கிழமைக்குள் ஏன் என்று நான்கு பேர் கேட்பார்கள். அடுத்த வாரம் அந்த நான்கு பேரும் அவர் பின்னால் போவார்கள். அவளிடம் மிஞ்சுவது நூறு கிராம் பொட்டலம் கட்டும் கடை ஒன்றுதான்.

பலகையைத் தட்டினாள். தம்பி கையிலிருந்த மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான். விஷயத்தைச் சொல்லாமல் கோப்பையை நீட்டினாள்.

"சுத்தமா இருக்கேக்கா," என்றான் அவன். "பழைய வீட்டு நிலைக்கதவைக் குடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கா ஆயிரத்து அறுநூறு?"

"கிராம்பு தெரியுதா?"

"இதுலயா? மசாலா விக்கறவன்கிட்டயே கேக்கறியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், ஒரு மண்ணும் இல்லை. யார் சொன்னது?"

"முக்கால்."

"அவருக்கு மூக்கும் முக்கால்தான் வேலை செய்யுது போல."

இரண்டு பேருக்கும் பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. ரத்த சொந்தம் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்றால் உலகமே எதிர்ப்பக்கம் இருந்தாலும் சரியாகத்தான் தோன்றும். பிறகு தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? போட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். நாலு கிராம்பு, ரெண்டு ஏலக்காய். அவருக்கும் திருப்தி, உனக்கும் சரக்கு போகும். யாருக்கு நட்டம்?"

"போடாததைப் போட்டேன்னு சொன்னா அது மட்டும் நிஜமாயிடுமா? வார்த்தையைக் காப்பாத்தறதுக்கு ஒரு பொய்யா? மூக்கை அறுத்து மூக்குத்திக்கு வழி பண்ற கதையா இருக்கு."

அப்போது தம்பியின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். நின்ற இடம் பின்னறையின் நிலைப்படிக்கு வெளியே. சலவைக்கடை வீட்டுப் பெண். இரண்டு தெரு தள்ளி அவள் அண்ணன்மார் நடத்தும் கடையில் இன்னும் தினமும் பாதி நாள் வேலை பார்ப்பாள். ஒரு சட்டையை மோந்து பார்த்து யார் வீட்டுச் சட்டை, நேற்று அவர் எங்கே போய் வந்தார் என்று சொல்லிவிடுவாள் என்பதால் அந்தத் தெருவின் கணவன்மார்கள் அவளிடம் மரியாதையாக இருந்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அக்கா அவளிடம் ஒரு சட்டம் போட்டிருந்தாள். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சும், சோப்பு வாசம் ஏறினால் சரக்கு போச்சு, ஆகவே அறைக்குள் வரக்கூடாது. ஆறு வருடமாக அவள் வாசலில் நின்றுதான் பேசுகிறாள்.

"என்ன பஞ்சாயத்து?" என்றாள்.

தம்பி சொன்னான். அவள் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, மசாலா போட்டுத்தானே வச்சிருக்கீங்க?"

அக்காவும் தம்பியும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நான் வந்த நாள்லேர்ந்து இந்த வாசல்ல நின்னாலே கிராம்பு நெடி மூக்கைத் துளைக்கும். தேயிலைக்கு ஏதோ பக்குவம் பண்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?" என்றாள் அக்கா.

"நீங்க எப்போ கேட்டீங்க? உள்ளே வராதே, வாசம் ஏறிடும்னுதானே சொன்னீங்க." அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது. "எனக்கு என்னமோ, ஏற வேண்டியது முன்னாடியே ஏறிட்ட மாதிரிதான் இருந்துச்சு."

அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பலகைச் சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக ஓர் இடைவெளி. தச்சர் விட்டுப் போன குறை அல்ல அது. வில்லைகள் வந்த வாரம் அவளே சொல்லி அறுக்க வைத்தது. புளித்த தேயிலை மூச்சு விட வேண்டும். தெருப்பக்கம் திறந்தால் புகையும் ஈரமும் வரும். தம்பியின் பக்கம் எப்போதும் உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். அந்த இடைவெளிக்கு நேர் கீழேதான் தம்பி கிராம்பு மூட்டைகளை அடுக்குவான். அதற்குப் பக்கத்தில் ஏலக்காயும் பட்டையும். ஏழு வருடம் தேயிலை மூச்சு விட்டது, நன்றாக இழுத்தும் விட்டது.

"எங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தெரியாமப் போச்சு?" என்றான் தம்பி.

"மீனுக்குத் தண்ணி நெடி தெரியுமா?" என்றாள் அவன் மனைவி. "ரெண்டு பேரும் தொட்டில்லேர்ந்தே கிராம்பு மூட்டைக்கு நடுவுல வளர்ந்தவங்க. உங்க சட்டையை மூணு தடவை அலசினாத்தான் எனக்குத் துணின்னே தெரியுது." பிறகு அக்காவிடம், "அண்ணி, நான் சொல்றதை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்க. நாளன்னைக்குக் காலையில எங்க கடை மொட்டைமாடிக்கு வாங்க. வர்றதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சிருங்க. நாங்க வெளுத்த துணி அனுப்பறேன், அதைக் கட்டிக்கிட்டு வாங்க. உங்க அலமாரித் துணி வேண்டாம். வந்து ரெண்டு மணி நேரம் சும்மா உட்காருங்க. அப்புறம் குடிங்க."

இருபது வருடமாக ஊருக்கு ருசி சொன்னவளுக்கு ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது ஒரு சலவைக்காரி. அக்கா "சரி" என்றாள்.

வியாழக்கிழமை காலை, நான்காவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் முப்பது நாற்பது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டிருந்தன. வெறும் தண்ணீரில் கடைசி அலசல் அலசியவை என்பதால் சோப்பு வாசம்கூட இல்லை. அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். சும்மா உட்காருவது பழக்கமில்லாததால் முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருந்தது. விரிப்புகளை எண்ணினாள். ஒன்றுக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டாள். சலவைச் சோடா விலையைக் கழித்தாள். பிறகு அதுவும் தீர்ந்துபோய் வெறுமனே காற்றை இழுத்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, வில்லையை எடுக்கத் தன் பையைத் திறந்தாள்.

தேயிலைக்கு முன் பை பேசியது. கிராம்பு, ஏலக்காய், உலர் மிளகாயின் காரம், சாக்கு நார், எல்லாம் ஒரே மூச்சில் முகத்தில் அடித்தன. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அக்கா தன் வீட்டை மோந்தாள். கையை மூக்கருகே கொண்டுபோனாள். குளித்திருந்தும் நகக்கண்ணில் அது இருந்தது.

"தெரியுதா?" என்றாள் தம்பி மனைவி.

"பேசாம இரு," என்றாள் அக்கா. ருசி பார்க்கும்போது அவள் எல்லோரிடமும் சொல்வதுதான்.

ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்தது. முதல் தண்ணீரைக் கொட்டினாள். இரண்டாவது நீரில் கிராம்பு வந்தது, கூப்பிடாத விருந்தாளி மாதிரி எல்லோருக்கும் முன்னால், சத்தமாக. மூன்றாவதில் ஏலக்காய் அதை ஓரம் தள்ளியது. நான்காவதில் பட்டை, தொண்டையில் மட்டும், ஒரு வெதுவெதுப்பாக. அப்போதெல்லாம் தேயிலை பின்னால் கைகட்டி நின்றது. ஐந்தாவதில் மசாலா களைத்து உட்கார்ந்துவிட்டது. பழைய மரமும் மழைமண்ணும் மெல்ல எழுந்து முன்னால் வந்தன. ஆறாவதில் எது எதன் வாசம் என்று பிரிக்க முடியவில்லை. நாக்கின் ஓரத்தில் இனிப்பு மட்டும் நெடுநேரம் நின்றது. எந்தக் கையும் அளந்து போட்டு அதைச் செய்திருக்க முடியாது. அளந்து போட்டால் கிராம்பு மேலேயும் தேயிலை கீழேயும் நிற்கும். இதில் நூலும் சாயமும் மாதிரி ஊறிப்போயிருந்தது.

தம்பி மனைவி தன் கோப்பையைக் குடித்துவிட்டுச் சிரித்தாள். "இது உங்க தம்பி சட்டைக் காலர் வாசம், அண்ணி. அப்படியே."

"அப்போ நான்?"

"நீங்களும்தான். நீங்க வீட்டுக்கு வந்தா கதவு தட்டவே வேண்டாம். படியேறும்போதே தெரிஞ்சிடும்."

அக்கா கோப்பையை வைத்துவிட்டு வேறொரு கணக்கில் இறங்கினாள். இருபது வருடத்தில் சுத்தம் என்று சொன்ன எத்தனை மூட்டைகளில் இது தப்பியிருக்கும்? பிறகு வியாபாரப் புத்தி கைகொடுத்தது. கலப்படக்காரன் மரத்தூள் போடுவான், காய்ந்த சக்கையைப் போடுவான். தேயிலையைவிட நாலு மடங்கு விலைக்கு விற்கும் கிராம்பைப் போட்டுத் தேயிலையைக் கெடுக்கும் முட்டாள் இன்னும் கடைவீதிக்கு வரவில்லை. வந்திருந்தால் அவள் மட்டும்தான் ஏமாந்திருப்பாள். ஆக, மற்ற மூட்டைகளுக்குச் சொன்ன வார்த்தை நிற்கும்.

வெள்ளிக்கிழமை முக்கால் வந்து உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தேநீர் ஊற்றவில்லை. மேலே இருந்த இடைவெளியைக் காட்டினாள். அந்தப் பக்கம் என்ன மூட்டை என்று சொன்னாள். தன் மூக்குக்கும் தம்பி மூக்குக்கும் அது ஏன் தெரியவில்லை என்று சொன்னாள். யார் கண்டுபிடித்தது என்றும் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் குரல் சற்று இறங்கியது.

முக்கால் நிதானமாகக் கேட்டார். "ஆக, கலக்கலை."

"கலக்கலை. ஆனா சுத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்."

"பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு கேட்டிருக்கேன். இந்த நாருக்கு ஆயிரத்து அறுநூறு ஜாஸ்திதானே?"

"ஆயிரத்து அறுநூறு சுத்தச் சரக்குக்குச் சொன்ன விலை. இது ரெண்டாயிரம்."

முக்கால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பை ஒத்துக்கிட்டு விலையை ஏத்தற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"சுத்தமான சரக்கு நூறு பேர்கிட்ட கிடைக்கும். அக்கா தம்பி சண்டை போடாம ஒரே கூரைக்குக் கீழே ஏழு வருஷம் கிராம்பையும் தேயிலையையும் வச்சிருந்த கடை எங்க இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க."

"ஆயிரத்து ஐந்நூறு," என்றார் முக்கால்.

அதைத்தான் அவர் சொல்வார் என்று அக்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "சரக்குக் காகிதத்துல மசாலா வாசம் ஏறியதுன்னு எழுதணும்," என்றாள்.

"ஏறியதுன்னு போட்டா வாங்கறவன் எறும்பு ஏறியதுன்னு நெனைப்பான். மசாலாவோட ஊறியதுன்னு போடறேன்."

"போடுங்க. எழுபது வில்லை."

"மாதிரியும் அனுப்பறேன்," என்றார் எழுந்துகொண்டே. "ஆனா இந்த அறையில வச்சுப் பாக்காதீங்க. மாடியில பாருங்க. அந்தப் பொண்ணும் பக்கத்துல இருக்கணும்."

"அப்போ ரெண்டு நாக்குக்கு ரெண்டு கூலி."

"ஒண்ணே முக்கால்."

அவர் போனதும் தம்பி பலகைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். அவ்வளவு நேரமும் மூட்டைமேல் ஏறி நின்று கேட்டிருக்கிறான். "என் கிராம்புக்கு ஏழு வருஷ வாடகை?" என்றான். மூன்று வில்லைக்குப் படிந்தான். இடைவெளியை இன்னும் பெரிதாக்கலாமா என்று கேட்டான். அக்கா ஆணியும் பலகையும் எடுத்து வரச் சொன்னாள்.

தம்பி மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"கூலியில முக்கால் உனக்கு," என்றாள் அக்கா.

"ஒண்ணு எனக்கு, முக்கால் உங்களுக்குன்னு ஏன் இருக்கக் கூடாது அண்ணி? கண்டுபிடிச்சது யாரு?"

அக்கா கணக்கு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்து இவளும் பேரம் கற்றுக்கொண்டாள் என்று தோன்றியது. "அதை அப்புறம் பேசுவோம். முதல்ல உள்ளே வா," என்றாள். "நாற்காலியில உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அக்கா நோட்டைப் பிரித்து, அவளுக்குக் கேட்கும்படி சொல்லிச் சொல்லி எழுதினாள். வந்த வில்லை எண்பத்து நான்கு. வருடத்துக்கு ஒன்றாக ருசி பார்த்தது ஏழு. முக்காலுக்கும் மொட்டைமாடிக்கும் உடைத்தது ஒன்று. விற்றது எழுபது. தம்பிக்கு மூன்று. தம்பி மனைவிக்கு ஒன்று. கையிருப்பு இரண்டு. கூட்டினாள், சரியாக வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்: ஆறு வருடம் வாசலில் நிறுத்தி வைத்ததற்கு. இதைச் சொல்லாமல் எழுதினாள். எதிர்க் கட்டத்தில் என்ன தொகை போடுவது என்று யோசித்தாள், எதுவும் படியவில்லை. பாக்கி என்று போட்டாள்.